அந்த ஒரு கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு பேசாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தூய்மைப் பணியாளர் சம்பளத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "முக்கியமான வேலைக்குச் சமூகம் அதிகம் கொடுக்கும், மற்றதற்குக் குறைவாகக் கொடுக்கும், இது சமூகவியல் பாடம்" என்றார் அந்தப் பேச்சாளர். அரங்கமே கைதட்டியது. இரண்டு நாளாக எனக்கு மனசு ஆறவில்லை.

அவர் பாடம் என்று சொன்னது 1945இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் எழுதிய ஒரு கட்டுரை. அது செயல்பாட்டுவாதத்தைச் சேர்ந்தது, அதாவது சமூகத்தில் ஒவ்வொரு ஏற்பாடும் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கும் முறையை. ஆனால் செயல்பாட்டுவாதம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடாது. எந்த வேலை முக்கியம் என்று எதை வைத்து அளந்தீர்கள், படிக்கும் வாய்ப்பே சில வீடுகளுக்குத்தான் என்றால் தகுதியானவர் மேலே வந்தார் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று 1953இலேயே இன்னொரு சமூகவியலாளர் மெல்வின் டூமின் கேட்டுவிட்டார். அதற்கும் முன்பு, 1949இல், சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எழுதினார்: ஒரே ஏற்பாடு ஒரு பிரிவினருக்கு நன்மையாகவும் இன்னொரு பிரிவினருக்குக் கேடாகவும் இருக்கலாம், அதனால் யாருக்கு என்று பார்க்க வேண்டும். அவரும் செயல்பாட்டுவாதிதான். யாருக்கு? நான் கேட்பதும் இதை மட்டும்தான்.

"டேவிஸும் மூரும் ஆள் கிடைப்பதையும் சேர்த்துத்தானே சொன்னார்கள்? முக்கியமான வேலையானாலும் சுலபமாக ஆள் கிடைத்தால் சம்பளம் குறையத்தானே செய்யும்?" என்று கேட்பீர்கள். சரி, சொன்னார்கள். இந்த வேலைக்கு ஆள் ஏன் சுலபமாகக் கிடைக்கிறது? தலைமுறை தலைமுறையாக மற்ற கதவுகளையெல்லாம் சாத்தி வைத்ததால் கிடைக்கிறது. சாதி வெறும் வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினாரே, அது இதுதான்.

செயல்பாட்டுவாதமே பழமைவாதம், அதற்கு ஏன் வக்காலத்து என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவில் வறுமை யாருக்கெல்லாம் உதவுகிறது என்று சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் காட்டியது இதே முறையில்தான். அழுக்கான வேலைக்கு ஆள் கிடைப்பது அவர் சொன்னவற்றில் ஒன்று. அந்தத் தோழர்களோடு இன்னொரு நாள் பேசுகிறேன்.

என் அம்மா 22 வருடம் துப்புரவு வேலை பார்த்தவர். எல்லாம் ஒப்பந்தக் கூலி. நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு மழைக்காலத்தில் மூன்று நாள் வேலைநிறுத்தம் நடந்தது. மூன்றாம் நாள் கிளினிக் வாசலில் குப்பை மிதந்தது, நோயாளிகள் திரும்பிப் போனார்கள். டாக்டரே எங்கள் வீடு தேடி வந்து, "எப்பம்மா வேலைக்கு வருவீங்க?" என்று கேட்டார். எந்த வேலை முக்கியம் என்று அன்றைக்கு அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த மாதம் அம்மாவுக்கு மூன்று நாள் கூலியைப் பிடித்தார்கள். அந்த மாதம் என் தேர்வுக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினோம்.

அந்தக் காணொளியை நான் வீட்டில்தான் பார்த்தேன். கைதட்டல் வந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.