ஐந்தாம் எண் மட்டையை ஏழாம் எண் என்று விற்காதீர்கள்

உங்கள் உயரத்துக்கும் வீச்சுக்கும் ஏற்ப அளந்து கோல்ஃப் மட்டைகளைச் செய்து தருகிறோம் என்று விளம்பரம் செய்து, அந்த அளவெடுப்புக்கென்றே தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, குளிரூட்டிய அறையில் வலைக்கு முன்னால் நிற்கவைத்து, திரையில் எந்த மட்டை அதிகத் தூரம் காட்டுகிறதோ அதையே தலையில் கட்டி அனுப்புகிறார்கள் கடைக்காரர்கள். இதற்கு ஃபிட்டிங் என்று பெயர். ஐயன் எனப்படும் இரும்புத் தலை மட்டைகளின் ஒரு செட் விலை லட்ச ரூபாயைத் தாண்டும் நாட்டில், வாங்குபவருக்கு இழைக்கப்படும் அநியாயம் இது.

அந்தத் தூரக் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். நான் போன கடையில் என் பழைய ஏழாம் எண் ஐயனால் சில பந்துகளை அடிக்கச் சொன்னார்கள். பிறகு புதிய ஏழாம் எண்ணைக் கையில் கொடுத்தார்கள். பந்து வெகுதூரம் கூடுதலாகப் போனதாகத் திரை காட்டியதும், எல்லாம் முடிந்துவிட்டதைப் போல விலைப்பட்டியலை நீட்டினார்கள். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கிறது என்பதைத் தவிர அவற்றை ஒப்பிடுவதில் என்ன நியாயம் இருக்கிறது? 1990களில் ஏழாம் எண் ஐயனின் முகச்சாய்வு, அதாவது லாஃப்ட், ஏறத்தாழ 35 டிகிரி இருந்தது. எண் குறையக் குறையச் சாய்வும் குறையும், பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும். தூரத்துக்காகவே செய்யப்படும் இன்றைய செட்களில் அது 28, 29 டிகிரிக்கு இறங்கிவிட்டது. அன்று ஐந்தாம் எண் மட்டைக்கு இருந்த சாய்வு அது. தலையின் எடையைக் கீழே இறக்கிவிட்டதால் பந்து தானாகவே உயரும், ஆகவே சாய்வைக் குறைத்தோம் என்று வடிவமைப்பாளர்கள் சொல்லும் விளக்கத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டல்லவா விற்க வேண்டும்? குறைந்த தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜ் மட்டையும் 48 டிகிரியிலிருந்து 43, 44 என்று இறங்கிவிட்டதால், அதற்கும் மணல்குழியிலிருந்து அடிக்கும் 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் இடையில் தூரத்தில் பெரிய பள்ளம் விழுகிறது. அதை நிரப்ப இன்னும் ஒன்றோ இரண்டோ வெட்ஜ் வாங்கவேண்டும். பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைக்க விதி இடம் தராது. எதை வெளியே எடுப்பது என்ற பேச்சை அந்த அறையில் எவரும் எடுக்கவில்லை.

ஐயன் மட்டையின் வேலை குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான கிரீனில் பந்தை இறக்கி நிறுத்துவது. பந்து எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது, எவ்வளவு சுழல்கிறது என்பவற்றை, அடியை அளந்து திரைக்கு அனுப்பும் ரேடார் கருவி காட்டுகிறது. அந்த எண்களும் அதே திரையில்தான் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கேட்டால், அதெல்லாம் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு என்று பதில் வருகிறது. அதைவிடக் கொடுமை, சரியாகப் படாத அடிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, மிச்சமிருக்கும் நல்ல அடிகளின் சராசரியை எடுப்பது. வார இறுதியில் ஆடும் ஒருவருக்குப் பந்து மட்டையின் நடுவில் படுவதே பாதி நேரம்தான். மீதிப் பாதியில் எந்த மட்டை அவரைக் கைவிடாது என்பதைக் கண்டுபிடிக்கத்தானே அவர் பணம் கட்டினார்?

அடிக்கும் இடம் செயற்கைப் புல்விரிப்பு. பந்துக்குப் பின்னால் தட்டினாலும் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும். மண்ணில் அதே அடி அங்கேயே புதைந்து நின்றிருக்கும். கோடையில் இறுகி, வடகிழக்குப் பருவமழையில் ஊறிப்போகும் சென்னைத் தரைக்கு எந்த வெட்ஜின் அடிப்பகுதி ஒத்துவரும் என்பதை விரிப்பின் மேல் நின்று முடிவுசெய்யவே முடியாது. (திரையில் கடல்மட்ட உயரம், வெப்பநிலை ஆகியவற்றையும் மாற்றி வைக்கலாம், 7,000 அடிக்கு மேல் உள்ள உதகைத் திடலில் ஆடியவர்களுக்கு, அந்த மெல்லிய காற்றில் பந்து எவ்வளவு கூடுதலாகப் போகும் என்று தெரியும். அந்த அமைப்பு எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டு அடியுங்கள்.)

என்னை மிகவும் கொதிக்கவைப்பது லை கோணத்தைப் பற்றிய அலட்சியம். மட்டையின் தண்டு தரையோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதே லை. பந்தைத் தொடும் கணத்தில் மட்டைத் தலையின் நுனி தூக்கிக்கொண்டிருந்தால், வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் போகும். தண்டை ஒட்டிய குதி தூக்கிக்கொண்டிருந்தால் வலப்பக்கம் போகும். சாய்வு அதிகமுள்ள குட்டை மட்டைகளில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். பிங் நிறுவனத்தை உருவாக்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் 1970களிலேயே, ஆளின் உயரத்தையும் மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தையும் கொண்டு, இந்தக் கோணத்தை நிறப்புள்ளிகளால் வகைப்படுத்திக் காட்டிவிட்டார். பந்தில் மையால் செங்குத்தாக ஒரு கோடு போட்டு அடித்தால், அது மட்டை முகத்தில் நேராகப் பதிகிறதா, சாய்ந்து பதிகிறதா என்பதைக் கொண்டே விடை தெரிந்துவிடும். ஒரு மைப்பேனாவுக்கும் சில நிமிடங்களுக்கும் மேல் இதற்கு எதுவும் தேவையில்லை. அதைக்கூடச் செய்யாமல் "ஸ்டாண்டர்ட்" என்று தாளில் எழுதிக்கொள்கிறார்கள். கோணம் தவறிய மட்டையைக் கொண்டு ஆடுகிறவர், பந்து இடப்பக்கம் போவதைக் கண்டு கையைத் திருப்பிப் பார்ப்பார், தோளைத் திறந்து பார்ப்பார், பயிற்சியாளருக்குப் பணம் கொடுத்து இல்லாத பிழையைத் திருத்த முயல்வார். கடைசியில் மட்டையின் குறையை ஈடுகட்டும் ஒரு கோணல் வீச்சு அவருடைய உடம்பில் ஊறிவிடும்.

ஷாஃப்டின், அதாவது தண்டின், கதையும் இதுதான். ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்) என்று எழுதியிருக்கும் விறைப்புக்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான அளவுகோலே கிடையாது; ஒரு நிறுவனத்தின் ஆர் மற்றொன்றின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். அப்படியிருக்க, நரைத்த தலையைப் பார்த்ததும் விறைப்பு குறைந்த "சீனியர்" ஷாஃப்டை எடுக்கிறார்கள். என்னோடு வந்திருந்த என் தங்கை என்னைவிட வேகமாக வீசுவார். அவருடைய வேகத்தை அளக்காமலேயே பெண்களுக்கான இலகுவான செட்டைக் காட்டினார்கள். பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்வதற்கு எதற்கு அளவெடுப்புக் கட்டணம்?

பல வாரக் காத்திருப்புக்குப் பிறகு பெட்டி வந்தது. ஆர்டர் தாளில் உள்ளபடிதான் மட்டைகள் இருக்கின்றனவா என்று அளந்து காட்டுங்கள் என்றேன். தொழிற்சாலையில் சரிபார்த்துத்தான் அனுப்புவார்கள் என்றார்கள். தொழிற்சாலையில் ஒரு டிகிரி முன்பின் ஆவது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெட்டியை அப்படியே வேறொரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கருவியில் வைத்துப் பார்த்தால், எட்டாம் எண்ணுக்கும் ஒன்பதாம் எண்ணுக்கும் இடையில் இருக்கவேண்டிய சாய்வு வித்தியாசம் குறைந்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம் அடிக்கும் நிலையில் இருந்தன. மென்மையான இரும்பில் அடித்துச் செய்த தலை என்பதால் அவர் அதை வளைத்துச் சரிசெய்துவிட்டார். வார்ப்பு எஃகாக இருந்திருந்தால் வளைக்கும்போது விரிசல் விட்டிருக்கலாம். அந்த வேலைக்கும் என் கையிலிருந்துதான் பணம் போனது. அளந்து தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குகிற கடைக்காரர், கோணம் அளக்கும் கருவி ஒன்றைக் கடையில் வைத்து, மட்டைகளை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றையும் வாங்குபவர் கண்முன்னே அளந்து எழுதிக் கொடுக்கவேண்டும். அதைச் செய்ய முடியாதவர் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும்.