தைக்கு வராத நாவல்

இந்தத் தை மாதப் புத்தகக் காட்சிக்கு என் நாவல் வராது. சிறுகதைத் தொகுப்பு வரும். ஆனால் அதன் வெளியீடு சென்னையில் அல்ல, பாளையங்கோட்டையில். இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் சில வாரங்களாகத் திருநெல்வேலி ஜங்ஷனில் நின்றாலும் வண்ணார்பேட்டையில் நின்றாலும் "அண்ணாச்சி, நாவல் தைக்கு வந்துருமா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். கேட்பவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாவல் என்றால் தைக்குத்தான் வர வேண்டும் என்று நாம் எல்லாருமே எப்போது ஒப்புக்கொண்டோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. பொங்கலை ஒட்டி நடக்கும் அந்தக் காட்சியை வைத்தே தமிழ்ப் பதிப்புலகம் தன் ஆண்டைக் கணக்கிடுகிறது. ஆவணியில் பதிப்பாளர் நலம் விசாரிக்கத் தொடங்குவார். ஐப்பசியில் பிரதி எங்கே என்பார். கார்த்திகையில் மெய்ப்பு வரும். மார்கழியில் அட்டைப்படத்துக்கு நிறம் பார்த்துக்கொண்டிருப்போம். அதற்குள் அச்சகங்களில் இடம் இருக்காது. காட்சி தொடங்கிச் சில நாட்கள் சென்ற பின் மை வாசனையோடு வந்து இறங்கும் கட்டுகளையும், அவற்றைப் பிரிக்கும் முன்பே முடிந்துபோன வெளியீட்டு விழாக்களையும் பார்த்திருக்கிறேன்.

இதில் பதிப்பாளரைக் குறை சொல்வதற்கில்லை. தாளுக்கும் அச்சுக்கும் கடன் சொல்லி வைத்திருக்கும் சிறு பதிப்பாளருக்கு, வாசகர் நேரில் வந்து பணம் கொடுத்து வாங்கும் அந்தச் சில நாட்கள்தான் மூச்சு. அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பது தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. முன்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு படிகள் என்று ஒரே மூச்சில் அச்சிட்டாக வேண்டியிருந்தது. போட்ட பணத்தை எடுக்கக் கூட்டம் கூடும் காலத்தைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. இப்போது நூறு படியும் இருநூறு படியும் வேண்டியபோது அச்சிட்டுக்கொள்ளலாம். சித்திரையிலோ ஆடியிலோ ஒரு நாவலைக் கொண்டுவரத் தடையாக இருந்த பெரிய காரணம் நீங்கிவிட்டது. நீங்கிய பிறகுதான் அந்த ஒரே மாதத்தில் முன்னைவிட அதிகமான புத்தகங்கள் வந்து விழுகின்றன என்றால், அவசரம் அச்சகத்தில் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது.

சிறுகதைக்கு இந்த அவசரம் அவ்வளவு கேடு செய்வதில்லை. ஒரு தொகுப்பில் இருக்கும் கதைகள் பெரும்பாலும் ஏற்கெனவே இதழ்களில் வந்தவை; ஆசிரியர் ஒருவர் படித்திருப்பார், வாசகர் சிலர் திட்டியிருப்பார்கள், எழுதியவருக்கே ஓராண்டு கழித்துக் கூச்சம் வந்திருக்கும். தொகுப்பாகும்போது கதைகள் பலரின் கண்பட்டுத் தேறியிருக்கும். நாவலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நானூறு பக்கத்தையும் முழுதாக ஒரே வீச்சில் படித்த இரண்டாவது ஆள் பல நேரம் மெய்ப்புத் திருத்துபவர்தான். அவர் எழுத்துப்பிழையைப் பார்ப்பார். பத்தாம் அத்தியாயத்தில் இறந்த பெரியப்பா இருபதாம் அத்தியாயத்தில் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டுவது அவர் வேலை அல்ல. முழு நாவலையும் எடுத்துவைத்துக்கொண்டு எழுத்தாளரோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நிற்கும் செம்மையாக்குநர்கள் தமிழில் மிகச் சிலரே. அந்தச் சிலரிடமும் கார்த்திகை மாதத்தில் பிரதியைக் கொடுத்து மார்கழியில் திரும்பக் கேட்பது, வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதைப் போன்றது. நிறம் வந்துவிடும்.

தவணை வைத்து எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல என்று ஒருவர் சொல்லக்கூடும். உண்மைதான். தொடர்கதை என்பதே வாராவாரம் விழும் தவணை. அதில் நல்ல நாவல்களும் வந்திருக்கின்றன. ஆயினும் நம் பக்கத்து வரலாறு வேறு விதமாகவும் பேசுகிறது. பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலின் முதல் இரண்டு பாகங்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெளிவந்தன. மூன்றாம் பாகத்தை அவர் பல ஆண்டுகள் கழித்துத்தான் கையில் எடுத்தார். 1925இல் அவர் மறைந்தபோது அது முடிவுறாமல் நின்றது. அதற்காக முதல் இரண்டு பாகங்களின் இடம் குறைந்துவிடவில்லை. கரிசல் பக்கத்துப் பூமணியின் ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரிந்த நாவல். முந்தைய நாவல்களுக்கும் அதற்கும் இடையே நீண்ட இடைவெளி விட்டு 2012இல் வந்தது. 2014ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதையும் பெற்றது. இடைப்பட்ட தை மாதங்களில் அவர் என்ன கொண்டுவந்தார் என்று இன்று யாரும் கேட்பதில்லை.

இன்னொரு வழக்கமும் பரவியிருக்கிறது. இன்று ஆயிரம் சொல், நேற்று ஆயிரத்து ஐந்நூறு என்று எழுத்தாளர்கள் நாளாந்தக் கணக்கை முகநூலில் போடுகிறார்கள். சோம்பலைத் துரத்த அது சிலருக்கு உதவலாம், உதவினால் நல்லது. எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை, காரணம் நாவல் முன்னேறும் நாட்களில் என் பக்க எண்ணிக்கை குறைகிறது. இவ்வாண்டில் இந்த நாவலுக்கு நடந்த மிகப் பெரிய நன்மை, அதிலிருந்து மாஞ்சோலைக் கிளைக்கதையை முழுவதுமாக எடுத்துவிட்டதுதான். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலை அது. அங்கே தேயிலை பறித்த தலைமுறைகளின் கதை, தாமிரபரணிக் கரையில் நடக்கும் என் கதைக்குள் ஒரு பக்கவாட்டுச் சன்னலாக இருக்கச் சம்மதிக்காது. தனி நாவலாக யாராவது எழுத வேண்டும். அது நானாகவும் இருக்கலாம், அந்த மலையிலேயே பிறந்த ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது.

சரி, நாவல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வரைவு முடிந்துவிட்டது. தொடக்கப் பகுதியும் இறுதிப் பகுதியும் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டன. நடுப்பகுதியைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் மூன்றாவதான கன்னடியனிலிருந்து பிரியும் கால்வாயை ஒட்டி, கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில் நடக்கிறது. தலைமடையில் நிலம் உள்ள ஒரு குடும்பம், கடைமடையில் ஒரு குடும்பம், இரண்டு வயலுக்கும் தண்ணீர் திருப்பிவிடும் நீர்பாய்ச்சி ஒருவர். நடுப்பகுதி 1992 நவம்பர் 13ஆம் தேதி வெள்ளத்தைச் சுற்றி அமைகிறது. அதில்தான் இப்போது கால் ஊன்றி நிற்கிறேன்.

வெள்ளத்தை எழுதுவது எளிது என்று தோன்றும். தண்ணீர் வரும், வீடு இடியும், மாடு மிதக்கும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சாட்சி தேவைப்படுகிறது. முற்றிய கதிர்கள் நீரில் மூழ்கின என்று எழுத எவருக்கும் கை வரும். படிக்கவும் உருக்கமாக இருக்கும். ஆனால் நம் பக்கத்தில் கார் போகத்தின் அறுவடை அதற்கு முன்பே முடிந்திருக்கும். அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றுப் பாவி நடவு நடக்கும் காலம் அது. ஆகவே வெள்ளம் கொண்டுபோவது கதிரை அல்ல, நாற்றையும் நட்ட பயிரையும். இழப்பின் தன்மையே அப்போது மாறிவிடுகிறது: விளைந்ததைப் பறிகொடுத்தவனின் அழுகை வேறு, மறுபடி நடுவதற்கு நாற்றுக்கு எங்கே போவது என்று அன்று மாலையே அலையத் தொடங்குபவனின் பரபரப்பு வேறு. என் நடுப்பகுதியின் இரண்டு அத்தியாயங்கள் இந்த ஒரு தகவலின்மேல்தான் நிற்கின்றன.

இவ்வாறே சின்னஞ்சிறு விவரங்கள். கதையில் ஒரு கடிதம் வருகிறது. 1992இல் எழுதப்படும் கடிதத்தின் முகவரியில் மாவட்டத்தின் பெயர் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்றுதான் இருக்க முடியும். தலைவர்களின் பெயர்கள் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் 1997இல்தான் நீக்கப்பட்டன. கதாநாயகி ஏறும் பேருந்தின் பக்கவாட்டில் கட்டபொம்மன் பெயர் இருந்தாக வேண்டும். அவளுடைய தம்பி வீரவநல்லூரில் ஏறும் ரயில், மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஓடிய வண்டி. அகலப்பாதை 2012இல்தான் வந்தது. நெல் அளக்கும் இடத்தில் ஒரு கோட்டை நெல்லுக்கு 21 மரக்கால் என்ற கணக்கு பிசகக்கூடாது. இவையெல்லாம் கதைக்கு அவசியமா என்று ஒரு நண்பர் கேட்டார். சென்னை வாசகர் பொறுத்துக்கொள்ளலாம். சேரன்மகாதேவியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வாசகர் பொறுத்துக்கொள்ள மாட்டார். நான் அவருக்குத்தான் அஞ்சுகிறேன்.

இவற்றையெல்லாம்விடக் கடினமான ஒன்று, இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தபோதே நேர்ந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருமழையும் வெள்ளமும் யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நடுவழியில் சிக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு 1992ஐப் பற்றி யாரிடம் பேசப் போனாலும், அவர்களுடைய நினைவில் இரண்டு வெள்ளங்களும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன. ஒரு பெரியவர் 92 வெள்ளத்தை அழகாகச் சொல்லிக்கொண்டே வந்து, "பேரன் செல்போன்ல படம் புடிச்சாம்லா" என்று முடித்தார். அவர் பொய் சொல்லவில்லை. அண்மைத் துயரம் பழைய துயரத்தின்மேல் படிந்துகொண்டது. ஆகவே முன்பு கேட்டு வைத்திருந்த குறிப்புகளை மட்டுமே நம்பி, பின்னால் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. இந்த வேலை எந்தச் சொல் எண்ணிக்கையிலும் ஏறாது. ஆனால் நாவல் வளர்வது இங்கேதான்.

பேச்சுமொழியும் சும்மா விடுவதில்லை. நெல்லைப் பேச்சு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தலைமடைக்காரர் நீர்பாய்ச்சியை அழைக்கும் விதமும், நீர்பாய்ச்சி அவருக்கு மறுமொழி சொல்லும் விதமும், அதே நீர்பாய்ச்சி தன் வீட்டுத் திண்ணையில் மைத்துனரோடு பேசும் விதமும் மூன்று தனித்தனி வழக்குகள். 1992இல் இளைஞர்கள் சிலர் அந்த அழைப்புமுறையை மறுக்கத் தொடங்கியிருந்தார்கள். உரையாடலில் "லே"யையும் "வே"யையும் தூவிவிட்டால் மண்வாசனை வந்துவிடும் என்று நினைப்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டை உண்டு. யார் யாரை எப்படி அழைக்க முடிந்தது என்பதில் அந்த ஊரின் நிலவுடைமை முழுவதும் இருக்கிறது.

சிறுகதைத் தொகுப்புக்கு வருகிறேன். இறுதி மெய்ப்பு என் மேசையில் இருக்கிறது. தலைப்பையும் அட்டையையும் பதிப்பாளர் அறிவிப்பார். அதை நான் முந்திக்கொண்டு சொல்வது முறையல்ல. புத்தகம் சென்னைக் காட்சியில் விற்பனைக்கு இருக்கும், அதில் எனக்கு மறுப்பேதும் இல்லை. வெளியீட்டை மட்டும், அதற்குப் பிறகு இங்கே நடக்கும் பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவை ஒட்டி வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டேன், பதிப்பாளரும் சம்மதித்துவிட்டார். புதுமைப்பித்தன் வளர்ந்த ஊர், வண்ணதாசனும் வண்ணநிலவனும் எழுதிய தெருக்கள். சிறுகதை படிக்கத் தெரிந்தவர்களைத் தேடி வேறு ஊருக்குப் போக வேண்டிய தேவை எனக்கு இல்லை. விழாவுக்கு ஒரே நிபந்தனைதான் வைத்திருக்கிறேன்: பேச வருகிறவர்களுக்கு ஒரு மாதம் முன்பே புத்தகம் கையில் கிடைக்க வேண்டும். பொன்னாடையைத் தவிர்த்துவிடலாம். நூலாசிரியரின் குணநலன்களை அரை மணி நேரம் பேசி, "நூலை இனிமேல்தான் படிக்க வேண்டும்" என்று முடிக்கும் உரைகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதல் நாவல் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. மறுபதிப்பு வரும் ஆண்டில் வரும். மாதம் இன்னும் முடிவாகவில்லை. திருத்தி எழுதப் போகிறீர்களா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அச்சுப்பிழைகளைத் தவிர எதையும் தொடப் போவதில்லை. அந்த வயதில் அந்த நாவலை எழுதியவன் வேறு ஆள். அவனுடைய வாக்கியங்களில் கை வைக்க எனக்கு உரிமை இருப்பதாக நான் கருதவில்லை.

இனி ஓர் உதவி. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கத்தில் 1992 வெள்ளத்தின்போது எடுத்த புகைப்படங்கள், அப்போது உறவினர்களுக்கு எழுதிய கடிதங்கள், நிவாரணம் பெற்ற சீட்டுகள், கால்வாயில் முறைவைத்துத் தண்ணீர் விட்டதற்கான குறிப்பேடுகள் என எதுவேனும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் உள்பெட்டியில் தெரிவியுங்கள். நானே நேரில் வந்து பார்த்துப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வருவேன். கடைமடைப் பக்கத்துக் குறிப்பேடு ஒன்று கிடைத்தால் பெரும் உதவியாக இருக்கும். தலைமடைக்காரர்களிடம் போதுமான அளவு கேட்டாகிவிட்டது.