கேஸ் எல்லாம் ஒன்றல்ல

"சிலிண்டர் பார்பிக்யூவை ஒரு ஹோஸ் போட்டு வீட்டு கேஸ் குழாயிலேயே மாட்டிவிடலாம், சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வராவிட்டால் போதும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். சோப்புத் தண்ணீர் சோதனை சரிதான். ஆனால் அது கசிவை மட்டும்தான் காட்டும். அடுப்புக்கும் கேஸுக்கும் பொருத்தம் உண்டா என்பதைக் காட்டாது.

சிலிண்டரில் இருப்பது எல்பிஜி, அதாவது புரொப்பேன், பியூட்டேன் வகை கேஸ். குழாயில் வருவது பெரும்பாலும் இயற்கை எரிவாயு, அதாவது மீத்தேன். ஒரே கன அளவில் புரொப்பேன் தரும் வெப்பம் மீத்தேனைப்போல ஏறத்தாழ 2.5 மடங்கு. அதனால்தான் எல்பிஜி பர்னரின் ஜெட் (கேஸ் வெளிவரும் முனை) துளை ஊசி முனை மாதிரி அவ்வளவு சின்னதாக இருக்கிறது. அதில் இயற்கை எரிவாயுவை விட்டால் சுடர் சோர்ந்துபோகும், இறைச்சி வேகாது. அதுகூடப் பரவாயில்லை. இயற்கை எரிவாயு அடுப்பில் எல்பிஜியை விட்டால் நிலைமை தலைகீழ்: மஞ்சள் சுடர் மூடி உயரத்துக்கு எழும், கரி படியும், கார்பன் மோனாக்சைடும் கூடும்.

தயவுசெய்து ஜெட்டை நீங்களே துளை போட்டுப் பெரிதாக்காதீர்கள் (அதையும் ஒருவர் யோசனையாகச் சொல்லியிருந்தார், படித்ததும் பகீரென்றது). உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரே கேஸ் மாற்றும் கிட் தந்தால் மட்டும் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றலாம். சில மாடல்களை மாற்றவே முடியாது. அப்புறம், குழாய் இணைப்பு உரிமம் பெற்ற கேஸ் ஃபிட்டரின் வேலை. வெளிப்புறத்துக்கு ஏற்ற ஹோஸ், கை எட்டும் இடத்தில் தனி வால்வு, சரியான அழுத்தம் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார்.