மூன்று லாரி

(லண்டன், 1979. ஒரு கிடங்கு. சுமை தூக்கும் இருவர்.)

புதியவன்: அண்ணே, இந்தக் கம்பளம் எந்தக் குழுவுடையது?

பழையவர்: இருந்ததே ஒரு குழுதான் தம்பி. எமர்சன், லேக் அண்ட் பாமர். மூன்று பேர் சேர்ந்த ராக் இசைக்குழு. கம்பளம் லேக்குடையது. மேடையில் அதன் மேல் நின்றுதான் பாடுவார்.

புதியவன்: அந்த இரும்பு டிரம்?

பழையவர்: இரும்பா? பாமர் காதில் விழப்போகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்! ஒரு முறை தூக்கிப் பார், என் இடுப்புக்கு என்ன ஆனது என்று புரியும்.

புதியவன்: ஆர்கனில் ஏன் இத்தனை கத்திக்குத்து? திருடன் வந்தானா?

பழையவர்: எமர்சன் வேலை. கட்டை அமுங்கியே நிற்கட்டும் என்று கத்தியைச் செருகுவார். 1974இல் கலிஃபோர்னியாவில் பியானோவோடு அந்தரத்தில் சுழன்றார்.

புதியவன்: சுழன்றபடியே வாசித்தாரா?

பழையவர்: சுழன்றார் என்றேன்.

புதியவன்: ஆக, மூன்று குழு.

பழையவர்: ஒன்று! நைஸ் என்ற குழுவிலிருந்து ஒருவர், கிங் கிரிம்சன் குழுவிலிருந்து ஒருவர், அட்டாமிக் ரூஸ்டர் குழுவிலிருந்து ஒருவர். 1970இல் சேர்ந்தார்கள். சேர்ந்த சூட்டோடு வைட் தீவு இசை விழாவில் பீரங்கி வெடித்தார்கள். அடுத்த வருஷம் ‘டார்கஸ்’. ஒரே பாட்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க, சுமார் 20 நிமிடம்.

புதியவன்: நடுவில் டீ உண்டா?

பழையவர்: கச்சேரியில் பாமரின் தனி ஆவர்த்தனம் வரும். அப்போது போய்க் குடித்துவிட்டு வருவோம்.

புதியவன்: இந்த இரட்டை ஆல்பம்?

பழையவர்: ‘ஒர்க்ஸ்’, 1977. நாலு பக்கம். ஆளுக்கு ஒரு பக்கம் தனித்தனியாக, நாலாவது மட்டும் பொது.

புதியவன்: இது இசைத்தட்டா, பாகப்பிரிவினைப் பத்திரமா? அதனால்தான் கேட்கிறேன், மூன்று குழுதானே?

பழையவர்: ஒன்று என்கிறேன்! அந்த வருஷம் அமெரிக்காவுக்கு சுமார் 70 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டல், சாப்பாடு, சம்பளம். சில வாரத்திலேயே கையைக் கடித்தது.

புதியவன்: அப்புறம்? சாமானைக் குறைத்தார்களா?

பழையவர்: வயலின்காரர்களைக் குறைத்தார்கள். கம்பளம் ஊர் ஊராகத் தொடர்ந்து போனது.

புதியவன்: ...

பழையவர்: என்ன முழிக்கிறாய்? கம்பளத்துக்கு ஓட்டலில் ரூம் போட வேண்டாமே.

புதியவன்: இந்த அட்டையில் மூவரும் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக் கடற்கரையில் சிரிக்கிறார்களே?

பழையவர்: ‘லவ் பீச்’. போன வருஷம் வந்தது.

புதியவன்: இதில்தான் அண்ணே ஒரே குழு மாதிரி இருக்கிறார்கள்.

பழையவர்: அதோடு கலைந்துவிட்டார்கள்.

புதியவன்: அப்படியானால் மூன்று லாரியில் தனித்தனியாக ஏற்றுகிறோம். கூலியும் மூன்று கேளுங்கள்.

பழையவர்: கான்ட்ராக்டரிடம் கேட்டேன் தம்பி. அவர்கள் மூவரும் ஒரே குழு என்று இன்னும் நம்புகிற ஒரே ஆள் அவர்தான்.