மைக்கை வாங்கிக்கொண்டவர்களுக்கு

போன ஞாயிறு நடந்ததை முழுசாக விவரிக்க வேண்டியதில்லை. ஆராதனைக்கு வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள், வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவே வந்துவிட்டது. அன்றைய வேதபாடமாக நம் சபை அக்கா ஒருவர் வேதாகமத்திலிருந்து வாசித்தது தானியேல் மூன்றாம் அதிகாரம். "எக்காளம், நாகசுரம், கின்னரம், வீணை" வரைக்கும் அந்த அக்கா நன்றாகத்தான் வாசித்தார். "சுரமண்டலம்" வந்த இடத்தில் நாக்கு புரளவில்லை. மறுபடி முயன்றார். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்துபோய் மைக்கை வாங்கி, மிச்சத்தைக் கணீரென்று வாசித்து முடித்துவிட்டார். அக்கா இறங்கிப் போவதா, அங்கேயே நிற்பதா என்று தெரியாமல் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றார்.

ஏதோ அவசரத்தில் செய்துவிட்டார் என்று அதைக்கூட விட்டிருப்பேன். மத்தியானம் குரூப்பில் ஒரு செய்தி வந்தது பாருங்கள், "இனி தகுதியுள்ளவர்களை மட்டும் வேதபாடம் வாசிக்கப் போடவும்" என்று. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதுதான் தாங்கவில்லை.

தகுதி பார்த்து ஆள் எடுத்திருந்தால் வேதாகமத்தில் யார் மிஞ்சியிருப்பார்கள்? "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்று மோசேயே சொல்கிறார். கர்த்தர் அவருடைய அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார், உண்மைதான். ஆனால் மோசேயை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. "இந்தக் கோலையும் உன் கையிலே பிடித்துக்கொண்டுபோ" என்று அந்தத் திக்குவாயனிடம்தான் சொன்னார். துணைக்கு நிற்பது வேறு, கையில் இருப்பதை வாங்கிக்கொள்வது வேறு. அன்றைக்கு நம் சபையில் ஒருவராவது அக்கா பக்கத்தில் போய் நின்று அந்த ஒரு சொல்லை மெதுவாக எடுத்துக்கொடுத்திருக்கலாமே?

கிதியோன் தன் தகப்பன் வீட்டில் தானே எல்லாரிலும் சிறியவன் என்றார். ஆமோஸ் ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழம் பொறுக்கியவர். பேதுருவையும் யோவானையும் யூதரின் ஆலோசனைச் சங்கத்தார் "படிப்பறியாதவர்கள்" என்றுதான் கண்டுகொண்டார்கள். இதையெல்லாம் வருஷா வருஷம் பிரசங்கத்தில் கேட்டு "ஆமென்" சொல்கிறவர்கள் நாம்தானே?

உடனே ஒருவர் வருவார், "பவுல் பெரிய வேதபண்டிதர் கமாலியேலிடம் படித்தவர் ஆயிற்றே" என்று. படித்தவர்தான். அந்தப் பவுலைப் பற்றியே கொரிந்து சபையில் "வசனம் அற்பமுமாயிருக்கிறது" என்று பேசினார்களே, அதையும் வாசியுங்கள்.

இன்னொருவர் மல்கியா தீர்க்கதரிசியைக் காட்டுவார். ஊனமானதைப் பலியிடலாமா, தேவனுக்குச் சிறந்ததை அல்லவா கொடுக்க வேண்டும் என்பார். மல்கியா யாரைக் கடிந்துகொண்டார்? கொடுக்க வசதி இருந்தும் நோஞ்சான் ஆட்டைத் தள்ளிவிட்டவர்களை. இந்த அக்கா தன்னிடம் இருப்பதில் சிறந்ததைத்தான் கொண்டுவந்தார். சனிக்கிழமை ராத்திரி முழுக்க மகளை உட்காரவைத்து வாசித்துப் பழகியிருக்கிறார். அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எனக்கு இயேசுவைச் சொல்லிக்கொடுத்தவரும் இப்படி ஒருவர்தான். எங்கள் ஊர் ஓய்வுநாள் பள்ளி டீச்சர் பீடி சுற்றிப் பிழைத்தவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலையை வெட்டித் தூளை அள்ளி வைத்துச் சுருட்டியபடியே எங்களுக்குத் தொண்ணூற்றோராம் சங்கீதத்தை மனப்பாடம் பண்ண வைப்பார். ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் சுற்றுகிற கை நின்றுவிடும். அவர் வாசிக்கும்போதும் திக்கும்தான். இன்று அப்பாவின் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு வாயில் வருவது அவர் சொல்லிக்கொடுத்த சங்கீதம்தான். அவரிடம் யாராவது தகுதிச் சான்றிதழ் கேட்டிருந்தால் நான் இப்போது எங்கே இருந்திருப்பேன்?

திருநெல்வேலிச் சபை என்று பெருமை பேசுகிறோமே, அதன் தொடக்கத்தில் நிற்பது யார்? கிளாரிந்தா. விதவை, ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவர். அந்தக் காரணத்துக்காகவே ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அம்மா விசுவாசத்தை விடவில்லை. 1778-இல் அதே ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதிய பாளையங்கோட்டை சபைப் பட்டியலில் இருந்த 40 பேரில் முதல் பெயர் அவருடையது. 1785-இல் அவர் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. தகுதியில்லை என்று ஒரு காலத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பெண் கட்டிய கோயில் அது!

"அப்படியானால் யார் வேண்டுமானாலும் பிரசங்கம் பண்ணலாமா?" என்று கேட்பீர்கள். நான் அதைக் கேட்கவே இல்லை. ஒரு வேதபாடத்தை வாசிக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கவும், அசன விருந்து வேலையில் அண்டா கழுவவும் அந்த அக்காவிடம் யாரும் தகுதி கேட்டதில்லை. மைக் என்றதும் மட்டும் கேட்கிறீர்கள். இதை எழுதும்போதே கண் கலங்குகிறது.

அக்கா, நீங்கள் ஃபேஸ்புக்கில் இல்லை, உங்கள் மகள் இதை வாசித்துக் காட்டுவாள். "இனிமே நான் வரலம்மா, கர்த்தருக்கு அசிங்கம்" என்று சொன்னீர்களாம். கர்த்தருக்கு உங்களால் எந்த அசிங்கமும் இல்லை. உங்களைத் தனியாக நிற்கவிட்ட எங்களால்தான் அசிங்கம். உங்களைப்போல "எனக்கு என்ன தெரியும்" என்று கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் இதையேதான் சொல்கிறேன்.

அடுத்த மாத வாசிப்புப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அதை அடித்துவிட்டு அக்காவின் பெயரைப் போடச் சொல்லிக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அவர் பக்கத்தில் நான் நிற்பேன்.