சாய்வுக்கோடும் செங்குத்துக்கோடும்

இணையத்தில் கதை ரசிகர்கள் எங்கே கூடினாலும் பேச்சு ஒன்றுதான் என்கிறது ஒரு கட்டுரை. அப்படியில்லை. பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே கதை எழுதும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தில் இரண்டு பாத்திரங்களின் பெயருக்கு நடுவே சாய்வுக்கோடு போட்டால் காதல், '&' போட்டால் நட்பு. மாற்றிப் போட்டால், காதல் கதை தேடி வந்தவர் கடுகடுப்பார் (நியாயமான கோபம்தான்). மூலக்கதையை வளைத்து எழுதுவதே அங்கே விளையாட்டு. அதே ஆள் ரெடிட் என்ற விவாதத் தளத்தில் "எந்த அத்தியாயத்தில் இருக்கு?" என்று ஆதாரம் கேட்பார். டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். நீண்ட அலசல் எழுதினால் மேலே போய்த் தொலைந்துவிடும்.

கதையின் திருப்பத்தை மறைக்க டிஸ்கார்டில் வரிக்கு இருபுறமும் இரண்டிரண்டு செங்குத்துக்கோடு. ரெடிட்டில் தொடக்கத்தில் >! முடிவில் !<. தொடக்கக் குறியை ஒட்டி இடைவெளி விட்டால் பழைய ரெடிட் பக்கத்தில் மறையாது. பதிவின் தலைப்பில் இந்தக் குறி வேலை செய்யவே செய்யாது. அங்கேயே "நாயகன் செத்துட்டான்" என்று எழுதுகிறவர்களை என்ன செய்ய!