டீயை நிறுத்தினால் பணம் சேராது

மாதம் இருபதாயிரத்துக்குள் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு எழுதப்படும் சிக்கன அறிவுரைகளைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வெளியே டீ குடிக்காதே, ஹோட்டலுக்குப் போகாதே, ஆன்லைனில் துணி வாங்காதே. சிலிண்டர் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் சமைக்கிற வீட்டில் இதற்கு மேல் எதைக் குறைப்பது? எங்கள் பணம் அதிகம் போவது, விலையை அடுத்தவர் வைக்கிற இடங்களில்தான்.

முதலில் கரண்ட். சென்னையில் வாடகைக்கு இருக்கும் பலரும் வீட்டு ஓனருக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய், சில இடங்களில் 10 ரூபாய் கொடுக்கிறோம். மின்வாரியக் கணக்கே வேறு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டாமல் இருந்தால் 101லிருந்து 200 வரை பாதிக் கட்டணம்தான். ஃபிரிட்ஜ், ஃபேன், டிவி என்று 200 யூனிட் ஓடிய வீட்டுக்கு வாரியம் போடும் பில் 300 ரூபாய்கூட வராது. அதே 200 யூனிட்டுக்கு நாங்கள் ஓனர் கையில் கொடுப்பது 1600 ரூபாய்.

"மோட்டார், மாடிப்படி லைட் எல்லாம் யார் கட்டுவது?" என்பார்கள். சரி, அதற்கென்று நூறோ இருநூறோ தனியாக வாங்கட்டும், கொடுக்கிறோம். மூன்று போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால் யூனிட் ஏறி, 500ஐத் தாண்டி, அவருக்கும் பில் எகிறும் என்பது உண்மைதான். ஆனால் தனி மீட்டர் இருக்கிற வீட்டிலும் எட்டு ரூபாய் வாங்குவது அநியாயம். அந்த இலவச யூனிட்டும் பாதிக் கட்டணமும் குடியிருப்பவருக்கு வர வேண்டிய மானியம்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது வாடகை, அட்வான்ஸ் பேசுவதற்கு முன்பே ஈபி மீட்டர் தனியா, பில்லை நாமே வாரியத்துக்குக் கட்டலாமா என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கிடைக்கும் வீட்டுக்கு வாடகை 500 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்கு லாபம்தான். ஒத்துக்கொண்டால் சர்வீஸ் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போனிலேயே கட்டிவிடலாம்.

ரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். இதை விட்டுவிட்டு வெளியே வாங்கினால் எந்தக் கணக்கு போட்டாலும் கட்டாது. ஸ்டாக் வந்த அன்றே போய்விட வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், ஏழைகள் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக் காசைக் கரைக்கிறார்கள் என்பவர்கள் ஷாம்பு விலையை ஒரு தடவை மில்லிக் கணக்கில் பார்க்கட்டும். பல பிராண்டுகளில் பாட்டிலைவிடப் பாக்கெட்தான் மலிவு.

பெரிய செலவு மாத்திரை. வீட்டில் சுகரும் பிரஷரும் இருக்கிற ஒருவர் போதும், மாதா மாதம் போய்க்கொண்டே இருக்கும். அட்டையின் பின்னால் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். மெட்ஃபார்மின் 500 என்றால் அதே மெட்ஃபார்மின் 500 மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. டாக்டரிடம், "சார், ஜெனரிக் எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள்; கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதுவதுதான் அது. கேட்கக் கூச்சப்படாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சுகர் மாத்திரை இலவசமாகவே தருகிறார்கள். வரிசையில் நிற்க நேரமிருந்தால் அதையும் விடாதீர்கள்.